நிலவுக்குப் போகும் படங்கள் – கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணா,

நான் காரைதீவில் இருந்து எழுதுகிறேன், படம் கீறுகிறவள். இக்காலக் கலைஞர்களின் ஓவியங்களை நிலவுக்கு அனுப்பிப் பாதுகாக்கும் திட்டம் பற்றி வாசித்தேன். சுனாமியில் எங்கள் வீட்டில் இருந்த ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அதனால் எனக்கும் அனுப்ப ஆசை. இவர், காசுள்ளவர்களின் விளையாட்டு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

இதை நான் விளையாட்டு என்று தள்ளமாட்டேன். கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவர்களுக்கு, தண்ணீரும் காற்றும் எட்டாத ஓர் இடத்தில் படத்தை வைக்கத் தோன்றுவது நியாயம்தான்.

நீங்கள் வாசித்தது கனடாவின் சாமுவேல் பெரால்டா தொடங்கிய லூனார் கோடெக்ஸ் பற்றியாக இருக்க வேண்டும். 30,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள், எழுத்தாளர்களின் ஆக்கங்களை அதில் சேர்த்திருக்கிறார்கள். நிக்கல் தகட்டில் மிகச் சிறிதாகப் பொறித்த படங்களும் உண்டு. உருப்பெருக்கி இருந்தால் பார்க்கலாம், கணினி தேவையில்லை. 2024 ஜனவரியில் அவர்களின் தொகுப்பு ஒன்றை ஏற்றிப் போன பெரெக்ரின் கலம் எரிபொருள் கசிந்து, நிலவைத் தொடாமலே திரும்பி, தென் பசிபிக்கின் மேல் எரிந்துபோனது. அடுத்த மாதம் ஒடிசியஸ் கலம் இன்னொரு தொகுப்போடு நிலவில் இறங்கியது. எரிந்தவை பிரதிகள். மூலப்படங்கள் பூமியில், கீறியவர்களிடமும் வாங்கியவர்களிடமும்தான் இருக்கின்றன. நிலவு நம் படத்தைக் காப்பாற்றாது, அதன் பிரதி ஒன்றை வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் அனுப்புங்கள் என்றே சொல்வேன். 1977இல் நாசா விண்வெளிக்கு அனுப்பிய வொயேஜர் கலங்களில் போன, தங்கமுலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. இப்படியான தொகுப்புகளில் நம்மைத் தேடி வந்து யாரும் சேர்க்கப் போவதில்லை. காரைதீவில் இருந்து ஒரு பெண்ணின் படம் போகட்டும்.

சரி, எதை அனுப்பப் போகிறீர்கள்? எனக்குக் கவலை அங்கேதான். போன மாரியில் நண்பர் ஒருவரின் வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்த கன்வஸ் ஒன்றை இழுத்துப் பார்த்தோம். பின்பக்கம் முழுக்கக் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சணம், சட்டத்தின் கீழ்க்கட்டையில் கறையான் மண். அந்தப் படத்துக்கு இருந்த ஒரே பதிவு, இரவில் கைபேசியில் எடுத்த ஒரு போட்டோ. சரிந்த கோணம், நடுவில் ஒரு பெண்ணின் முகத்தின் மேல் டியூப்லைட்டின் வெள்ளைக்கோடு. அதை நிலவுக்கு அனுப்பினால் அந்த வெள்ளைக்கோடுதான் அங்கே போய் இருக்கும். முகம் இராது.

கல்லடியில் விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளிவரும் பிள்ளைகளை நினைத்தாலும் இதே கவலைதான். நிறுவல் கலை, அதாவது பொருட்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் கலை என்றால், கண்காட்சி முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு இருப்பது எடுத்து வைத்த பதிவு மட்டும்தான்.

ஆகவே முதலில் படத்தைச் சுவரோடு நேராக வைத்து, வாசல் நிழலில், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஓரங்கள் நான்கும் தெரிய வேண்டும். பின்பக்கத்தையும் எடுங்கள். அப்புறம் ஒரு கொப்பியில் வருடம், அளவு, என்ன பெயின்ட், யாரைப் பார்த்துக் கீறினீர்கள், எல்லாம் எழுதுங்கள். நூறு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு, உங்கள் படத்தில் இருப்பது கரைவலை இழுக்கும் ஆட்கள் என்று யார் சொல்வார்? நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைக்க 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தால் நம் பழைய சஞ்சிகைகள் எத்தனை பேரின் கைக்கு வந்திருக்கின்றன, பாருங்கள். காரைதீவில் ஒன்று, வெளிநாட்டில் உறவினர் ஒருவரிடம் ஒன்று, முடிந்தால் நிலவில் ஒன்று.

மாரி தொடங்க முதல் இந்த வேலையை முடித்துவிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், மட்டக்களப்பில் நான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா