துருக்கியில் “தண்ணீர் இருக்கா?” என்று கேட்பது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு பத்து நாள் இஸ்தான்புல் போகிறோம். மொபைல் ஆப்பில் துருக்கி மொழி படிக்க ஆரம்பித்தேன், “பூனை பால் குடிக்கிறது” என்பதைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கடையிலும் பஸ்ஸிலும் நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். எங்கே தொடங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: பூனையை விடுங்கள், அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பூனைதான், நீங்கள் கேட்காமலே காலைச் சுற்றும். முதலில் “வர் மு?” என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வர் என்றால் இருக்கிறது, மு என்பது நம்ம ‘ஆ’. ஸு வர் மு? தண்ணீர் இருக்கா? யெர் வர் மு? இடம் இருக்கா? இருந்தால் “வர்” என்பார்கள், இல்லாவிட்டால் “யோக்”. இந்த ஒன்றை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடலாம்.

அப்புறம் பஸ். இஸ்தான்புல்லில் தக்ஸிம் என்ற சதுக்கத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பு ஒத்தோப்யூஸ் தக்ஸிமெ கிதியோர் மு?” பயமாக இருக்கிறதா? தமிழை அதன் கீழே எழுதிப் பாருங்கள்: இந்த, பஸ், தக்ஸிமுக்கு, போகுது, ஆ. வரிசை அப்படியே நம்முடையது. ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்கப் போனால்தான் மாட்டிக்கொள்வீர்கள், நேராகத் தமிழிலிருந்தே போங்கள்.

இன்னொரு வேடிக்கை, இந்த ‘ஆ’வை நாம் இடம் மாற்றி வைத்துக் கேட்கிறோமே, அதையும் அவர்கள் செய்கிறார்கள். “இந்த பஸ்ஸா போகுது?” என்றால் ஒத்தோப்யூஸ் மியூ, “தக்ஸிமுக்கா போகுது?” என்றால் தக்ஸிமெ மி. எதில் சந்தேகமோ அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கவனித்தீர்களா, மு, மியூ, மி என்று உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது, முன்னால் உள்ள சொல்லின் கடைசி உயிரெழுத்துக்கு ஏற்ப வாய் வழுக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மொத்தம் நாலு உருவம். கிதியோருக்குப் பிறகு வருவது உதடு குவித்துச் சொல்லும் மு. ‘வர்’ருக்குப் பிறகு வருவது வேறு மு, ஆங்கில ஐ எழுத்தைப் புள்ளி இல்லாமல் போட்டு எழுதுவார்கள், வெள்ளைக்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் ஒலி. நமக்கோ ‘அது’, ‘காசு’ என்று சொல்லும்போது உதடு குவியாமல் முடிகிற குற்றியலுகரம், ஏறத்தாழ அதேதான். பத்தாம் வகுப்பு இலக்கணம் ஒருவழியாக உதவுகிறது!

உருவத்தை மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள்.

மற்ற கேள்விச் சொற்களை நடக்க நடக்கப் படிக்கலாம்: நே என்ன, கிம் யார், நெரெதே எங்கே, நே ஸமான் எப்போது, கச் எத்தனை. கடையில் பொருளைக் காட்டி “பு நே கதர்?” என்றால் இது எவ்வளவு. இந்தச் சொற்கள் வந்துவிட்டால் ‘மு’ வேண்டாம், நாமும் “எங்கேயா இருக்கு?” என்று கேட்பதில்லையே.

கேள்வி: முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிப் பேசுவது? மரியாதைக் குறைவாகப் போய்விடுமா?
– வாசகர், மதுரை

பதில்: நீ, நீங்கள் இரண்டும் அங்கேயும் உண்டு: ஸென், ஸிஸ். பெயர் என்ன என்பதை நண்பனிடம் “அதுன் நே?”, மற்றவரிடம் “அதுனுஸ் நே?”. கடைக்காரரை “ஆபி” என்று கூப்பிடலாம், அண்ணே என்று அர்த்தம், பெண்ணாக இருந்தால் “அப்லா”, அக்கா. மதுரைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

கேள்வி: கேட்டுவிடலாம் சார், அவர்கள் கடகடவென்று பதில் சொன்னால்?
– வாசகர், கோவை

பதில்: நியாயமான பயம். அதனால்தான் ‘எங்கே, எப்படி’ என்று இழுக்காமல், ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வியாகக் கேளுங்கள் என்கிறேன். எவெத் ஆமாம், ஹயுர் இல்லை. விலை புரியவில்லையா, பேனாவை நீட்டி “யஸர் முஸுனுஸ்?”, எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எந்த ஆப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பஸ் ஓட்டுநரிடம் தக்ஸிம் போகுமா என்று கேட்டேன். மனிதர் புருவத்தைத் தூக்கி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, “ச்சு” என்றார். காதில் விழவில்லை போல என்று திரும்பக் கேட்டேன், மறுபடி ச்சு. கோபமோ என்று தயங்கித் தயங்கி மூன்றாவது முறையும் கேட்டபோது பின்னால் நின்ற பாட்டி என் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்த ‘ச்சு’வுக்கு அங்கே ‘இல்லை’ என்று அர்த்தம்.