நின்றால் அழகு, பாய்ந்தால் மரப்பொம்மை

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறேன். நான்கு வருடமாக ஸ்பைடர்மேன் வரைகிறேன். நிற்கிற மாதிரி வரைந்தால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். வலையைப் பிடித்துப் பாய்கிற மாதிரி வரைந்தால் மரப்பொம்மையைக் கயிற்றில் கட்டியது போல இருக்கிறது. தசைகளின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்தும் பயனில்லை. மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து வரைவது தப்பு என்கிறான் நண்பன். டேப்லெட் வாங்கினால் சரியாகுமா? நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, உங்கள் நான்கு படங்களையும் மேசையில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்தேன். மூன்றாவது தாளைத் திருப்பினால் பின்பக்க மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கிறுக்கல் இருக்கிறது. அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். பத்துப் பதினைந்து கோடுதான், கண்கூட வைக்கவில்லை, ஆனால் அவன் பாய்கிறான்! அதே போஸை முன்பக்கத்தில் பெரிதாக, வலைக்கண் ஒன்றுவிடாமல் வரைந்திருக்கிறீர்கள், அங்கே அவன் அப்படியே உறைந்துபோய் நிற்கிறான். ஆக, அசைவு உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. கிறுக்கலிலிருந்து பெரிய படத்துக்குப் போகிற வழியில்தான் அது எங்கோ தொலைகிறது.

எங்கே என்று அழித்த தடங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பெரிய படத்தில் தலையை முழுசாக முடிக்கிறீர்கள், பிறகு கழுத்து, தோள், ஒரு கை, இன்னொரு கை என்று செங்கல் அடுக்குவது போல ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே இறங்குகிறீர்கள், கால் வரும்போது தாளில் இடம் இல்லாமல் முழங்காலை மடக்கிவிடுகிறீர்கள். கிறுக்கலில் அப்படிச் செய்யவில்லை. உச்சந்தலையிலிருந்து பின்னால் நீண்ட காலின் குதிகால் வரை ஒரே இழுப்பில் ஒரு வளைவு போட்டு, மற்றதையெல்லாம் அதன்மேல் தொங்கவிட்டிருக்கிறீர்கள். லைன் ஆஃப் ஆக்‌ஷன் என்று காமிக்ஸ்காரர்கள் சொல்வது அதைத்தான். வில் போல வளையலாம், பாம்பு போல நெளியலாம், விறைத்த நேர்கோடாக மட்டும் இருக்கக் கூடாது. அந்தக் கோடு தாளில் விழுகிறவரை தலையைத் தொடாதீர்கள்.

அடுத்தது நெஞ்சுக்கூடும் இடுப்பும். இரண்டையும் இரண்டு தீப்பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு படத்திலும் இரண்டு பெட்டியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, மரப்பொம்மை ஆவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வலது தோள் ஏறினால் வலது இடுப்பு இறங்கட்டும், நெஞ்சு இடதுபக்கம் திரும்பினால் இடுப்பு வலதுபக்கமே நிற்கட்டும். அப்போது ஒரு விலாப்பக்கம் இழுபடும், இன்னொரு பக்கம் சுருங்கி மடியும். அந்த இழுப்பையும் சுருக்கத்தையும் மட்டும் சரியாகப் போட்டுவிட்டால் வயிற்றுத் தசையே வரையாவிட்டாலும் உடம்பு முறுக்கிக்கொண்டு தெரியும்.

தசை மனப்பாடம் வீண் போகாது, ஆனால் அதன் முறை கடைசியில்தான் வருகிறது. அதுவும் ஸ்பைடர்மேனுக்கு மிகக் குறைவாகவே வேண்டும். 1962ஆம் ஆண்டு ஒரு காமிக்ஸின் ஆகஸ்ட் இதழில் அவன் முதன்முதலாக வந்தபோது, கதாசிரியர் ஸ்டான் லீ முதலில் வரையக் கேட்டது ஓவியர் ஜாக் கிர்பியை. கிர்பியின் கையில் அவன் வழக்கமான வீரனைப் போலக் கம்பீரமாக வந்துவிட, லீ வேலையை ஸ்டீவ் டிட்கோவிடம் கொடுத்தார். டிட்கோ வரைந்தது ஒல்லியான ஒரு பள்ளிக்கூடப் பையனை. குந்துவது, சுவரில் கவிழ்ந்து ஒட்டுவது, முழங்கை ஒரு பக்கம் முழங்கால் ஒரு பக்கம் என்று பூச்சி மாதிரி விரிவது, நடு இரண்டு விரலை மடக்கி வலை வீசுவது, எல்லாம் அந்த ஒல்லி உடம்பில்தான் நம்பும்படி இருந்தது. 1988இல் டாட் மெக்ஃபார்லேன் என்ற ஓவியர் அதே உடம்பை இன்னும் முறுக்கி, எலும்பு இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு மடக்கினார். உங்கள் ஆளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் தோள் சூப்பர்மேனின் தோள். அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் அந்தரத்தில் சுருள முடியாது, பாவம்.

பாரம் என்றதும் இரண்டாவது படத்துக்கு வருகிறேன், இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதில் வலை கையிலிருந்து கிளம்பி மேலே போகிறது, உடம்போ அதற்குச் சம்பந்தமே இல்லாமல் மிதக்கிறது. ஆலமர விழுதைப் பிடித்து ஆடியிருக்கிறீர்களா? கீழே வருகிற நொடியில் வேகம் மிக அதிகம், கையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி உடம்பு கனக்கும், தோள் காதுவரை ஏறும், உடம்பு முழுக்க விழுதின் நீட்சியாகவே நீண்டுவிடும். ஆட்டத்தின் உச்சிக்குப் போனால் ஒரு கணம் வேகமே இல்லை, கனமும் இல்லை, அந்த இடத்தில் கையை விட்டால்தான் கைகால் நான்கு பக்கமும் விரிந்து குட்டிக்கரணம் போட முடியும். இரண்டும் வேறு வேறு படம். நீங்கள் அடிமட்டத்து வலையை வரைந்து உச்சியின் உடம்பை அதில் மாட்டியிருக்கிறீர்கள், அதனால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ பொய்யாகப் படுகிறது. குத்து விடுகிற படத்திலும் இதே கதைதான். முஷ்டி தாடையில் படுகிற நொடியை வரைந்தால் சும்மா தொட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும், அதற்குக் கொஞ்சம் முன்னால் கை பின்னுக்குப் போய் உடம்பு முறுக்கேறிய நொடியையோ, அடித்து முடித்து கை மறுபக்கம் போய்விட்ட நொடியையோ எடுங்கள்.

நம்மை நோக்கி நீளும் கை எல்லோருக்கும் தகராறுதான், ஃபோர்ஷார்ட்டனிங் என்பார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வாய்ப்பக்கம் கண்ணுக்கு நேராக இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். வாய் முழு வட்டமாகத் தெரியும், உடல் ஏறக்குறைய காணாமலே போய்விடும். முன்கையையும் மேல்கையையும் இப்படி இரண்டு டம்ளராக வரைந்து, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும்படி விடுங்கள். முஷ்டி முகத்தைவிடப் பெரிதாக வந்தால் பயப்படாதீர்கள், செல்போன் கேமராவுக்கு முன்னால் முஷ்டியை நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும். இந்த இடத்தில் ஸ்பைடர்மேன் உடையே உங்களுக்கு உதவி செய்கிறது. அந்த வலைக்கோடுகள் டம்ளரைச் சுற்றி ஓடும் வளையங்கள் மாதிரி, உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அவையே சொல்லும். நீங்கள் அவற்றைக் கணக்கு நோட்டின் கட்டம் போலத் தட்டையாகப் போட்டு, நன்றாக உருண்டு நின்ற தொடையைக்கூடச் சப்பையாக்கிவிட்டீர்கள்.

பார்த்து வரைவது பற்றி நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். பார்த்து வரைந்ததை என் சொந்தப் படம் என்று சொன்னால்தான் தப்பு, கற்றுக்கொள்ளத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் வெளிக்கோட்டைக் காப்பியடிக்காதீர்கள். பிடித்த ஒரு பக்கத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து அந்த முதல் வளைவையும் இரண்டு பெட்டியையும் மட்டும் கண்டுபிடியுங்கள், அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு அதே ஆளைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருப்பான் என்று வரையுங்கள். முதல் பத்து கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. 1978இல் ஸ்டான் லீயும் ஓவியர் ஜான் பசீமாவும் சேர்ந்து ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் பாணியில் வரைவதற்கென்றே ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். ஒரே போஸைச் சாதுவாக ஒன்றும் மிகைப்படுத்தி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும் இடங்கள் அதில் உண்டு, கிடைத்தால் அந்தப் பக்கங்களுக்காகவே வாங்குங்கள்.

தினமும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். கபடி வீடியோ ஒன்றைப் போட்டு, ரெய்டர் கோட்டைத் தொடப் பாய்கிற இடத்தில் நிறுத்துங்கள், முப்பது வினாடியில் ஒரு உருவம், அடுத்ததுக்குப் போய்விடுங்கள். ஒரு நாளைக்கு இருபது வந்தால் போதும். அழிரப்பரை அந்த அரைமணி நேரம் வேறு அறையில் வையுங்கள். முடித்த உருவங்களில் ஒன்றை எடுத்து உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள், அவன் என்ன செய்கிறான் என்று தம்பி தங்கை யாரிடமாவது கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் கைகள் உடம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம், வெளியே இழுத்து வரையுங்கள்.

டேப்லெட் இப்போது வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஏ4 தாள் கட்டும் 2பி பென்சிலும் வருடக்கணக்கில் வரும்.

இரண்டாவது படத்தை மட்டும் திரும்ப வரைந்து அனுப்புங்கள். வலை எந்தக் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது, அவன் ஆட்டத்தின் அடியில் இருக்கிறானா உச்சியில் இருக்கிறானா என்பதை முடிவு செய்த பிறகு பென்சிலை எடுங்கள். தாளின் பின்பக்கக் கிறுக்கலையும் அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.