அங்கே நாம்தான் வெளியூர் வண்டி

கேள்வி: அக்கா, அரையாண்டு விடுமுறைக்கு நாங்கள் நாலு பேரும் தாய்லாந்தில் ஃபூகெட் போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். பேக்கேஜில் கடற்கரை, படகு எல்லாவற்றோடு 'மலைப் பாதையில் ஒரு மணி நேரம் குவாட் பைக், வழிகாட்டியுடன்' என்று ஒன்று இருக்கிறது. நாலு பெரிய சக்கரம் வைத்து, ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் பைக்காம். வீட்டுக்காரர் இருபது வருடமாகக் கொழுந்து மூட்டை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவர். "எஸ்டேட் ரோட்டில் ஓட்டுறவனுக்கு அதெல்லாம் பொம்மை வண்டி" என்கிறார். 14 வயது மகனைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறாராம். கல்லூரியில் படிக்கும் மகள் தனி வண்டி கேட்கிறாள். எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வேண்டாம் என்றால் "நீ எதுக்கும் இப்படித்தான்" என்பார்கள். தடுக்கட்டுமா, விட்டுவிடட்டுமா? நான் எப்படியும் கீழே பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தடுக்க வேண்டாம். ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டப்படி விடவும் வேண்டாம். மகன் அப்பாவுக்குப் பின்னால் உட்காருவது என்பதை மாற்றினாலே உங்கள் பயத்தில் பாதி போய்விடும். மீதிக்கு உங்கள் வீட்டுக்காரரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

நானும் குன்னூர்க்காரிதான். மழையில் சேறான தோட்டப் பாதையில் பாரம் ஏற்றிய பிக்கப்பை இறக்குவது எப்பேர்ப்பட்ட கைத்திறன் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் நல்ல டிரைவர் என்பதில் சந்தேகமே இல்லை. என் கவலையும் அதனால்தான். கல்லட்டி இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேற்றிக் கவிழ்ந்த வெளியூர் வண்டிகளை ஓட்டியவர்கள் எல்லோரும் ஓட்டத் தெரியாதவர்களா? சமவெளியில் பல வருடம் ஓட்டியவர்கள்தான். அந்தப் பழக்கம் இந்தச் சரிவில் அவர்களுக்கு உதவவில்லை. குவாட் பைக்கில் ஏறும்போது நாமும் அப்படித்தான். அங்கே நாம்தான் வெளியூர் வண்டி. இதை அவரிடம் இதே உதாரணத்தோடு சொல்லுங்கள். மலை டிரைவருக்கு இது சட்டென்று புரியும்.

வண்டியின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். பிக்கப் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றுவதற்கு டிஃபரன்ஷியல் இருக்கிறது. குவாட் பைக் பெரும்பாலானவற்றில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே முண்டிக்கொண்டு போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தால்தான் ஒழுங்காகத் திரும்பும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். பாதி ஸ்டியரிங் நம் இடுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரும் வேறு மாதிரி. காருக்கு 30க்கு மேல் காற்று வைப்போம். இதில் 5, 6 அளவில்தான் இருக்கும். மணலிலும் சேற்றிலும் பரந்து பிடிப்பதற்காக அப்படி. அதே டயர் தார் ரோட்டில் அலைபாயும்.

சீட் நீளமாக இருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்த நீளம் ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு; இரண்டாவது ஆளுக்கு அல்ல. பின்னால் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டால் அப்பாவால் இறக்கத்தில் பின்னால் நகரவே முடியாது. ஏற்றத்திலோ பின்பாரம் கூடி முன்சக்கரம் தூக்கும். கவிழ்ந்தால் மேலே விழப்போவது பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு. ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலைக்கு இந்த வண்டியைத்தான் ஓட்டுகிறார்கள். கவிழ்ந்து அதன் அடியில் சிக்கி இறந்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால், புதிதாக விற்கும் பொதுப் பயன்பாட்டு குவாட் பைக் எல்லாவற்றுக்கும் கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் தாங்கும் ஒரு பாதுகாப்புச் சட்டகம் 2021 அக்டோபரிலிருந்து சட்டப்படியே கட்டாயம். அனுபவம் உள்ள விவசாயிகள் ஓட்டும் ஊர் அது.

இரண்டு பேருக்கென்றே செய்த மாடல்களும் உண்டு. நீளம் கூடுதலாக இருக்கும். பின் சீட்டுக்கு முதுகுச் சாய்வும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கும். மகன் பின்னால் உட்கார வேண்டுமென்றால் அந்த மாதிரி வண்டியில், அந்த ஊர் வழிகாட்டி ஓட்டட்டும். அப்பா வேண்டாம். 14 வயதில் தானே ஓட்டுவதும் வேண்டாம். பெரியவர்களுக்கான வண்டியின் மட்கார்டிலேயே 16 வயதுக்குக் கீழ் ஓட்டக்கூடாது, ஆள் ஏற்றக்கூடாது என்று கம்பெனி ஒட்டிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் இருக்கும். மகனைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா மறுப்பதைவிட வண்டியே மறுப்பதை அந்த வயசுப் பையன் கொஞ்சம் சுலபமாக ஏற்றுக்கொள்வான்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் நானும் இதே போல ஏறினேன். ஸ்கூட்டர் முப்பது வருடப் பழக்கம். அந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது: "இது ஆக்சிலேட்டர், இது பிரேக், என் பின்னாலே வாங்க." சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் ஒரு இடது வளைவு. வண்டி லேசாகச் சாய்வது போல இருந்தது. ஸ்கூட்டரில் என்ன செய்வோம்? காலை ஊன்றுவோம். ஊன்றினேன். குவாட் பைக்கில் நம் காலுக்குப் பின்னாலேயே பின்சக்கரம் வருகிறது. டயர் என் குதிகாலை மிதித்து ஷூவைக் கழற்றி மண்ணில் அழுத்திவிட்டுப் போனது. பயத்தில் கை இறுகியது. இதில் ஆக்சிலேட்டர் ஸ்கூட்டர் மாதிரி முறுக்குவது அல்ல; வலது கட்டைவிரலால் தள்ளும் ஒரு சின்ன நெம்புகோல். கை இறுகினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும். நிற்க வேண்டிய வண்டி பாய்ந்தது. மணல் மேட்டில் முட்டி நின்றதால் தப்பினேன். ஷூ இல்லாமல் செருப்பு போட்டிருந்தால் என் பாதம் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அந்த வழிகாட்டி திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் கடைசியாக வர அவர்கள் ஆளும் போடவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, மகள் பிடிவாதத்தில், இன்னொரு ஊரில் மறுபடி போனேன். அங்கே இருந்த பெரியவர் எங்களை இருபது நிமிடம் வெளியே விடவே இல்லை. திடலில் இரண்டு பழைய டயர்களைப் போட்டு எட்டுப் போடச் சொன்னார். நம் ஆர்.டி.ஓ. மைதானம் மாதிரிதான். ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திப் பழக்கினார். நான் காலைக் கீழே இறக்கிய ஒவ்வொரு தடவையும் விசில். என் மணிக்கட்டில் ஒரு சுருள் கயிற்றை மாட்டினார். ஆள் வண்டியை விட்டு விழுந்தால் அது பிடுங்கி இன்ஜினை அணைத்துவிடும். இறக்கத்துக்கு முன் எங்களை நிறுத்தி, கியரை 'எல்'லுக்கு, அதாவது மெதுவான கியருக்கு, மாற்றச் சொல்லி, பிரேக்கை நம்பாமல் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கச் சொன்னார். நம் மலைப் பாதை நெடுக எழுதி வைத்திருக்கும் பாடம்தானே! உங்கள் வீட்டுக்காரரின் இருபது வருட அனுபவம் இங்கே அப்படியே கைகொடுக்கும், அதையும் சொல்லி வையுங்கள். அன்றைக்கு மேட்டின் உச்சியில் மரங்கள் சட்டென்று விலகி, கீழே கடல் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே ஓட்டி வந்து பார்த்த கடல் அது.

ஆக, ஃபூகெட்டில் இறங்கியதும் நீங்கள் பார்க்க வேண்டியது அந்த முதல் கால் மணி நேரத்தைத்தான். பழக்கித் திடலில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்களா? ஹெல்மெட் உங்கள் தலைக்கு இறுக்கமாக வரும்வரை மாற்றிக் கொடுக்கிறார்களா? முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள் வருகிறார்களா? இல்லையென்றால் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று திரும்பிவிடுங்கள். இதைக் குடும்பமாக இங்கேயே பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய், எல்லோரும் ஹெல்மெட்டோடு நிற்கும்போது சொன்னால் சண்டைதான் வரும்.

மகள் 16ஐத் தாண்டியவள், தனி வண்டி எடுக்கட்டும். தலைமுடியைப் பின்னி மேல்சட்டைக்குள் விடச் சொல்லுங்கள். துப்பட்டா கூடவே கூடாது. சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுத்துவிடும். எல்லோரும் முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ. டிசம்பரில் அங்கே மழைக்காலம் முடிந்திருக்கும். வரிசையில் நாலாவதாகப் போகிறவருக்குக் கண்ணும் மூக்கும் புழுதிதான். கண்ணாடியும், மூக்கு மறைக்கக் கைக்குட்டையும் கொடுத்து அனுப்புங்கள். வீட்டுக்காரருக்குப் பிக்கப் ஓட்டி இடுப்பு வலி, டிஸ்க் தொந்தரவு ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இந்தக் குலுக்கல் அதற்கு ஆகாது.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. பயணக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். பல பாலிசிகளில் குவாட் பைக் சேராது, அல்லது கூடுதல் பணம் கட்டினால்தான் சேரும். போன் செய்து அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டினால் பெரும்பாலும் பைசா வராது. பாதை பொது ரோட்டைக் கடக்குமா என்றும் கேளுங்கள். கடக்கும் என்றால் ஓட்டுகிறவர்கள் இங்கேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துப் போவது நல்லது. வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏறும் முன் வண்டியைச் சுற்றி வந்து போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டால், பழைய கீறலுக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மலைப் பாதைக்குப் பதிலாகக் கடற்கரை மணலிலேயே ஓட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஃபூகெட், பக்கத்துப் பாங்ங்கா கடற்கரைகளில் லெதர்பேக் என்னும் மிகப் பெரிய கடலாமைகள் முட்டையிட வருகின்றன. நம் சென்னைக் கடற்கரைக்கு ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் வருவது போல. முட்டை மணலுக்குள் இருப்பது மேலே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பொரித்து வரும் உள்ளங்கை அளவுக் குஞ்சுக்கு ஒரு டயர் தடம் என்பது ஏற முடியாத பள்ளம். அதற்குள்ளேயே அலைந்து, கடல் போய்ச் சேராமல் காய்ந்து செத்துவிடும். நம் சோலைப் புல்வெளியில் ஜீப் தடம் விழுந்தால் நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அவர்கள் மண்ணிலும் அப்படியே நடந்துகொள்வோம்.

கடைசியாக, அந்தப் பைகள். உங்கள் கடிதத்தில் என் மனசில் தைத்த வரி அதுதான். முதல் வெளிநாட்டுப் பயணம், கீழே பைகளோடு ஒரு மணி நேரம்! உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் தாராளமாக உட்காருங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் மற்றவர்களுக்காகப் பயந்து பயந்தே உங்கள் பங்கை விட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. திடலில் அந்த எட்டை மட்டுமாவது போட்டுப் பாருங்கள். பிடித்தால் வெளியே போகலாம், பிடிக்காவிட்டால் இறங்கிவிடலாம். பெரும்பாலான இடங்களில் பை வைக்க லாக்கர் இருக்கும்.

போகும் முன் வீட்டில் ஒரு பெஞ்சில் குதிரை ஏறுவது போல உட்கார்ந்து, கால் இரண்டையும் இரண்டு செங்கல் மேல் வைத்து, வளைவுக்கு வளைவு சாய்ந்து பழகச் சொல்லுங்கள், நாலு பேரையும். காலைக் கீழே வைத்தவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவட்டும். அப்புறம், பழைய துணியாக எடுத்துப் போங்கள். என் மகளின் வெள்ளைச் சட்டையில் ஏறிய செம்மண் மூன்று அலசலுக்கும் போகவில்லை.