ஏசி அறையில் மட்டும் குழந்தைக்கு இருமல்

வணக்கம். ஏசி அறையில் படுத்தால் மட்டும் மகனுக்கு விடியற்காலையில் இருமல் வருகிறது, பாட்டி வீட்டில் ஃபேன் காற்றில் படுத்தால் வருவதில்லை, 18-ல் வைத்துக் கதவை மூடி கொசுவர்த்தியும் ஏற்றுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தக் கொசுவர்த்தியை இன்றைக்கே நிறுத்துங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்வித்து விடுகிறது, அதனால் அந்தப் புகையை இரவு முழுக்கப் பிள்ளை சுவாசிக்கிறான். கொசுவலை போதும். படுக்கும் முன் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள்.

அடுத்தது ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் வலை போல இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டலாம். ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை இருக்கலாம். சர்வீஸுக்கு வருபவரிடம் உள்ளே காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோவரையும் கழுவச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் அதைக் கழற்றியபோது கறுகறுவென்று படிந்திருந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

18 வேண்டவே வேண்டாம். ஏசி காற்றில் உள்ள ஈரத்தையும் எடுத்துவிடுவதால் தொண்டை வறண்டுபோகும். 2020 முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகளில் 24-ஐத்தான் தொடக்க அளவாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள், காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டால் இதையெல்லாம் செய்து பார்த்துக் காத்திருக்காதீர்கள், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.