இலவச மாத்திரையும் இழந்த கூலியும்

கேள்வி: சர்க்கரை நோய்க்கு அரசு இலவசமாக மாத்திரை தரும்போது, கூலி வேலை செய்யும் என் அண்ணன் ஏன் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான், ஆனால் அதற்காக வரிசையில் நிற்கும் காலைப் பொழுது, தினக்கூலிக்காரரிடமிருந்து அன்றைய கூலியையே பறித்துவிடுவதால், அவர் மாலையிலும் திறந்திருக்கும் மருந்துக் கடையை நாடுகிறார். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கே இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது அதனால்தான் எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது. உங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் அண்ணனின் பெயரைப் பதிவுசெய்யுங்கள். அதுவரை அவர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.