அம்மா தினமும் டயட் கோலா குடிக்கலாமா?

செங்கோட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குச் சுகர். தினமும் ஒரு டின் டயட் கோலா குடிக்கிறார், புற்றுநோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதற வேண்டாம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயட் கோலாவில் சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டியான அஸ்பார்டேமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று எவ்வளவு வலு என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. எவ்வளவு குடித்தால் ஆபத்து என்பதை அல்ல. அளவைப் பார்ப்பது வேறொரு நிபுணர் குழு. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை அது மாற்றவில்லை. அம்மா 60 கிலோ என்றால் 2,400. டின்னுக்கு 300 என்று கூட்டியே வைத்தாலும் எட்டு டின் ஆகும்.

பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அஸ்பார்டேம் ஆகவே ஆகாது. டின்னிலேயே போட்டிருக்கும், பாருங்கள்.

எனக்கு உண்மையில் பயம் நன்னாரி சர்பத்தில். ‘இயற்கைதானே’ என்று சுகர்காரர்களே வாங்கிக் குடிக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரம் ஊற்றுகிறார்களே, அந்தப் பாகு பெரும்பாலும் சீனிதான். தாகத்துக்கு, புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் ஓட்டல்களில் தரும், பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் போதும். வீட்டிலும் போட்டுக் கொடுங்கள்.