நாயுண்ணிப் பற்றை: கேளுங்கள், சொல்கிறேன்

வளவில் முளைக்கிற எந்தச் செடியைப் பற்றியும் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே செடியைப் பற்றியவை. சரி, இம்முறை நாயுண்ணி மட்டும்.

ரீச்சர், ஒட்டுசுட்டானில் எங்கள் காணி முழுக்க முள்ளுப் பற்றை. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கிறது. நாயுண்ணிதானா?

பூவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் தம்பி. சில இடங்களில் இது வெள்ளையும் இளஞ்சிவப்புமாகவும் பூக்கும். இளந்தண்டைப் பாருங்கள்: உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும், பட்டைகளில் வளைந்த சின்ன முட்கள் இருக்கும். இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே, ஓரம் பல்லுப் பல்லாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஒன்றைக் கசக்கி மணந்து பாருங்கள். அந்தக் காட்டமான மணம் வந்தால் சந்தேகமே வேண்டாம். காய்கள் பச்சையாகக் கொத்தாக நின்று பிறகு கருநீலமாகப் பழுக்கும்.

அந்த இரண்டு நிறத்துக்கும் காரணம் உண்டு. பூ விரியும்போது மஞ்சள். மகரந்தச் சேர்க்கை நடந்தபின் செம்மஞ்சளாகி, சிவப்பாகும். தேன் இருப்பது புதிய மஞ்சள் பூவில். பழைய பூ உதிராமல் நின்று தூரத்திலிருந்து வண்ணத்துப்பூச்சியை அழைக்கிறது, கிட்ட வந்த பூச்சி மஞ்சளுக்குப் போகிறது. கெட்டிக்காரச் செடி, அதை மறுக்க முடியாது.

வவுனியாப் பக்கம் பார்த்தீனியம் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பார்த்தீனியம் முள்ளில்லாத பூண்டு, இலை ஆழமாகப் பிளந்திருக்கும், பூ சின்ன வெள்ளை. அது தோல் அரிப்பையும் மூச்சிழுப்பையும் கொண்டுவரும். அதைப் பூக்கமுதல், கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் இவ்வளவு இல்லை என்கிறார். எங்கிருந்து வந்தது?

சொந்த ஊர் நடு, தென் அமெரிக்கா. இலங்கைக்கு 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக அலங்காரச் செடியாக வந்தது. வேலி தாண்டிய பிறகு யாரும் பிடிக்கவில்லை.

அப்பா சொல்வதும் சரிதான். இந்தச் செடிக்கு வெயில் வேண்டும். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கிற காட்டுக்குள் நிழலில் இதனால் பெரிதாகத் தலையெடுக்க முடியாது. மரம் தறித்த இடம், தெருவோரம், உழாமல் கிடக்கிற மேட்டுக்காணி, இவைதான் இதற்கு வாய்ப்பான இடம். 2009 வரை போரால் சனம் இடம்பெயர்ந்து, உழவும் துப்புரவும் இல்லாமல் கிடந்த காணிகளை நினைத்துப் பாருங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று கம்பிவேலியில் இருந்து எச்சமிட்டால் போதும். வேலியோரமாக வரிசையாக முளைப்பது அதனால்தான்.

ரீச்சர், துணுக்காயில் இருந்து கேட்கிறேன். மாடு இதைத் தின்றால் சாகுமா? எங்கள் வெள்ளைப் பசுவுக்குத் தோல் உரிகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது.

ஐயா, மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். மாட்டை இப்போதே நிழலில் கட்டிவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். நீங்கள் சொல்வது நாயுண்ணி நஞ்சின் அடையாளங்கள். வேறு நோயிலும் ஈரல் பழுதாகலாம் என்பதால் அவர்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

நடப்பது இதுதான். இலையில் லன்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈரலைத் தாக்கி, பித்தம் வெளியேறுவதைத் தடுக்கிறது. மாடு தின்கிற புல்லின் பச்சையம் வயிற்றில் உடைந்து உண்டாகும் ஒரு பொருள் வழக்கமாகப் பித்தத்தோடு வெளியே போய்விடும். வழி அடைபட்டதும் அது இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வருகிறது. வெயில் பட்டதும் தோல் வெந்து உரிகிறது. வெள்ளைத் தோலில்தான் அது நடக்கும், கறுப்புத் திட்டுகள் தப்பிவிடும். நிழலில் கட்டச் சொன்னது அதற்காகத்தான்.

இன்னொன்று. ஈரல் பழுதானதும் முதல் இரைப்பை அசையாமல் நின்றுவிடும். தின்ற இலை அங்கேயே கிடந்து நஞ்சைத் தொடர்ந்து இறக்கும். ஆகவே “இனித் தின்னவிடவில்லை, தானாக மாறிவிடும்” என்று காத்திருக்கக் கூடாது. வைத்தியர் மருந்துக் கரியைக் கரைத்து வயிற்றுக்குள் விடுவார், அது நஞ்சைப் பிடித்துவைக்கும். கைமருந்து பார்த்து நாளைக் கடத்தினால் மாடு சாகலாம்.

பழகிய மாடு பொதுவாக இதில் வாய்வைக்காது. புல் கருகிப்போன காலத்திலும், வேறிடத்தில் இருந்து புதிதாக வாங்கிவந்த மாட்டிலும்தான் கவனம் வேண்டும்.

எங்கள் ஆடுகள் கடிக்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே?

பல குழைகளோடு சேர்த்து இரண்டு இலை கடித்தால் தெரியாது. எல்லா நாயுண்ணியிலும் நஞ்சு ஒரே அளவும் இல்லை. அதை நம்பி ஆட்டைப் பற்றைக்குள் கட்டிவிடாதீர்கள், ஆட்டின் ஈரலும் இதனால் பழுதாகும்.

மகன் கறுத்த பழம் நாலைந்து தின்றுவிட்டான். பயமாக இருக்கிறது.

நன்றாகக் கறுத்த பழத்தைப் பல நாடுகளில் பிள்ளைகள் தின்கிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பச்சைக் காய்தான் கெடுதல். வாந்தி, வயிற்றோட்டம், அயர்வு, கண்மணி விரிதல் கண்டால், அல்லது பச்சைக்காய் தின்றிருப்பான் என்ற ஐயம் இருந்தால், ஒரு கொப்பை முறித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மஞ்சள் அலரியோடு பார்க்கையில் இது சின்ன நஞ்சு. வளவில் அலரி நின்றால் அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

வெட்ட வெட்டத் தழைக்கிறது. நெருப்பு வைக்கலாமா?

முதலில் காணியைப் பற்றிச் சொல்லுங்கள். வெடிபொருள் அகற்றி விடுவிக்கப்படாத இடமென்றால் நெருப்பும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். விடுவித்த காணியிலும் சந்தேகமான இரும்பு ஏதும் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

பாதுகாப்பான காணி என்றாலும் நெருப்பால் பலனில்லை. மேல்பகுதி எரியும், அடியில் இருந்து திரும்பத் தழைக்கும், சுற்றி இருந்த நல்ல செடிதான் அழியும். கத்தியால் வெட்டுவதும் அப்படியே. தண்டும் வேரும் சேர்கிற கழுத்துப் பகுதியில் இருந்துதான் இது தழைக்கிறது. மண்ணுக்குக் கீழே இறங்கி, அந்தக் கழுத்துக்கும் கீழே முக்கிய வேரை வெட்டி, பற்றையை மேலே எடுத்து, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துக் காயவிடுங்கள். மாரிமழையில் மண் இளகியிருக்கும்போது அலவாங்கு போட்டால் முதுகு பிழைக்கும். பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் பிடித்தால் விரைவு, ஆனால் கிளறிய மண்ணில் பழைய விதை எல்லாம் முளைக்கும்.

வெறுமையாக விட்டால் அடுத்த மாரிக்கு நாயுண்ணிதான் திரும்ப வரும். உடனே பயிரோ புல்லோ போடுங்கள், வேலியில் கிளுவையோ கிளிசரிடியாவோ நடுங்கள். நாற்றுகளைச் சின்னதிலேயே பிடுங்குங்கள்.

இதைத் தின்னும் பூச்சியை விட்டு அழிக்கலாமாமே?

பல நாடுகளில் விட்டார்கள், பற்றை மெலிந்தது, அழியவில்லை. உகண்டாவில் அப்படி விட்ட ஒரு பூச்சி எள்ளுச் செடியிலும் போய் ஏறியது. எள்ளு விதைக்கிற நாங்கள் அதை யோசிக்க வேண்டும்.

கடையில் அழகான நிறங்களில் லன்டானா விற்கிறார்கள். வாங்கலாமா?

அதுவும் இதே இனம்தான். வண்ணத்துப்பூச்சிக்காக என்றால் வெட்சி நடுங்கள்.

வெட்டிய தடியை அடுப்புக்கு எடுக்கலாமா?

காய்ந்தால் நன்றாக எரியும். இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது, ஆகவே கொப்பும் குழையும் மாட்டுக்கு எட்டாத இடத்தில் கிடக்கட்டும். பழக்கொத்தை அங்கேயே கழித்து எரித்துவிட்டுத் தடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.